எட்டாவது கையெழுத்து

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இந்த வயதுக்கு நன்றாகவே இருக்கிறேன். இடது முட்டி மட்டும் படி ஏறும்போதெல்லாம் என்னோடு சண்டை போடுகிறது. உன் ரத்த அழுத்தம் எப்படி? மகளும் மருமகனும் சுகமா? இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் எதையாவது குறிப்பாகக் கேட்டால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. முப்பது வருடம் தபால் நிலையத்தில் முத்திரை குத்தியவள் நான். கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பெரிய வீட்டு லெப்டினன்ட் செத்துப்போனார். எழுபத்தைந்து வயது, சர்க்கரை வியாதி, குளிரூட்டிய அறை, இரண்டு பக்கமும் இரண்டு நர்ஸ். நம் அண்ணனுக்கு இப்படி ஒரு சாவு வாய்த்திருந்தால் நான் ஏன் இந்தக் கடிதத்தை எழுதப்போகிறேன்.

அவர் மகன், அந்தப் பால்பண்ணைக்காரன், இப்போது சபைக் குழுத் தலைவன். தேவாலயச் சுவரில் இருக்கும் போர் நினைவுக் கல்லில் அப்பா பெயரையும் வெட்ட வேண்டுமாம். போன ஞாயிறு எழுந்து நின்று, "எங்க அப்பா போர்ல காயம் பட்டவர். அந்தக் காயத்தோடயே நாற்பத்தேழு வருஷம் வாழ்ந்து போயிருக்கார். அதுவும் போர்ச் சாவுதானே" என்றான். அவர் நெற்றியில் ஒரு தழும்பு இருந்ததே, அதுதான் காயமாம். நெற்றித் தழும்பிலிருந்து சர்க்கரை வியாதி வரும் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

கல்லில் இருப்பது பதினொரு பேர், எட்டுக் குடும்பம். அதிகாரி என்பதால் அவர் பெயர் எல்லாருக்கும் மேலே வருமாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் செங்கல் சூளையில் அந்தப் பதினொரு பேரையும் விட்டுவிட்டு, பாலத்தை உடைப்பதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி இந்தப் பக்கம் வந்த மனுஷன். அவர் பெயர் மேலே, நம் அண்ணன் பெயர் கீழே.

தடுக்க வழி இருக்கிறது. கல்லில் ஒரு எழுத்தைத் தொடுவதானாலும் எட்டுக் குடும்பமும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சபையின் விதி. ஒரு குடும்பம் காரணம் சொல்லி எழுத்தில் ஆட்சேபித்தால் போதும், வேலை நின்றுவிடும். ஏழு குடும்பம் கையெழுத்துப் போட்டாயிற்று. மிச்சம் நாம்தான். அதுவும் ஆண் வாரிசு இருக்கிற வீட்டில் அவன்தான் போட வேண்டுமாம். நாற்பத்தேழு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் அந்தக் கல்லைத் துடைப்பவள் நான். கல்யாணம் கட்டாமல் நம் குடும்பப் பெயரை இந்த ஊரில் சுமந்துகொண்டிருப்பவளும் நான். துடைக்கிற வேலைக்கு மட்டும் ஆண் வாரிசை யாரும் தேடவில்லை.

எனவே ஒரு தாளில் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பு. ஜூலை முடியும்வரை நேரம் இருக்கிறது. உன்னை எனக்குத் தெரியும் என்பதால் நாளைக்கே எழுது என்கிறேன்.

உப்பைக் குறைத்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே எல்லாரும் சுகம். ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு இருக்கிறது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. எங்கள் கட்டிடத்து லிஃப்ட் மூன்று வாரமாக ஐந்தாவது மாடியில் நின்றுவிட்டது. நாங்கள் இருப்பது எட்டாவது மாடி. முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் படியேறிச் சாகிறேன். இப்போது வரும் மெக்கானிக்குகள் லேப்டாப்பைத் திறக்கிறார்கள், பார்க்கிறார்கள், மூடிக்கொண்டு போய்விடுகிறார்கள். யாருக்கும் கையில் கிரீஸ் படவே இல்லை.

லெப்டினன்ட் விஷயம் படித்தேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்த மனிதரோடு நமக்கென்ன வழக்கு? பால்பண்ணைக்காரனுக்கு அப்பா மேல் பாசம், ஏதோ ஆசைப்படுகிறான். நீ அந்த ஊரில் அவர்களோடுதான் காலம் தள்ள வேண்டும். யோசித்துப் பார்.

மருமகன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

தம்பி


மார்ச் 16

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன், முட்டி அசையவில்லை. உன்னைப் போலவே பிடிவாதம்.

மார்ச் 1 என்று தேதி போட்டிருக்கிறாய், உறையில் உங்கள் ஊர் முத்திரை 11 என்கிறது. எழுதிப் பத்து நாள் சட்டைப் பையில் வைத்திருந்தாயா, இல்லை பின்தேதி போட்டாயா? இந்த வித்தையை என்னிடமா காட்டுவது?

யோசித்துப் பார் என்கிறாய். யோசித்துக் கையெழுத்துப் போட்ட ஏழு குடும்பத்தின் லட்சணத்தைக் கேள். தச்சர் வீட்டில் மகனுக்குப் பால்பண்ணையில் கணக்குப்பிள்ளை வேலை, அதனால் போட்டார்கள். தையல்காரர் மகள் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றே பார்க்கவில்லை. "கல் திறக்கிறப்ப போட்டோ எடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாளாம். கொல்லர் வீட்டில் இரண்டு பேரைப் பறிகொடுத்திருக்கிறார்கள், அப்பனும் சித்தப்பனும். அந்த வீட்டு மகளாவது மறுப்பாள் என்று நினைத்தேன். "எல்லாரும் போட்டாச்சு, நான் மட்டும் எதுக்கு மறுக்கணும்?" என்றாள். நம் போதகர் ஒரு தலையாட்டி பொம்மை. பால்பண்ணைக்காரன் தும்மினால்கூட ஆமென் சொல்வார்.

லெப்டினன்ட் ஓடி வந்ததற்கு என்ன ஆதாரம் என்று நீயும் கேட்பாய், அதனால் மறுபடி சொல்கிறேன். போர் முடிந்து பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு வயர்லெஸ்காரர் பதிவுத் தபால் அனுப்ப என் கவுண்டருக்கு வந்தார். என் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் நம் குடும்பப் பெயரைப் பார்த்துவிட்டு, "சூளையில இருந்தாரே, அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். அண்ணன் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "பின்வாங்கச் சொல்லி மூணு மணிக்கு உத்தரவு வந்துச்சும்மா. பாலத்துக்கிட்ட வச்சு லெப்டினன்ட் கையில நான்தான் கொடுத்தேன். படிச்சுட்டு மடிச்சுப் பையில போட்டுக்கிட்டார். தன் பெட்டிய எடுக்கப் போனார், எடுத்துக்கிட்டு வந்தார். நாலு மணிக்கு நம்ம ஆளுங்களே பாலத்தை உடைச்சாங்க" என்றார். அவரும் இப்போது உயிரோடு இல்லை.

பெட்டி எடுக்க நேரம் இருந்திருக்கிறது. பெட்டி இருந்த பள்ளிக்கூடத்துக்கும் பாலத்துக்கும் நடுவில்தான் அந்தச் சூளை. போகும்போது ஒரு தரம், வரும்போது ஒரு தரம் அதைத் தாண்டியிருக்கிறார். அந்த ஜீப்பை ஓட்டியவன் எவனோ, அவனுக்கும் வாய் என்று ஒன்று இருந்திருக்கும்தானே? அவனும் ஒரு பிண்டம்.

நீ அப்போது பட்டாளத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் கிடந்தாய், உனக்கு எதுவும் தெரியாது, அது உன் தவறில்லை. வயர்லெஸ்காரர் சொன்னதைக் காரணமாக எழுது போதும்.

உன் அக்கா


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

சுகம். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை.

செத்துப்போன ஒருவர் சொன்னதாக நீ சொன்னதை நான் எழுதினால் யார் நம்புவார்கள்? அதைச் சபையில் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள், பால்பண்ணைக்காரன் நாலு கேள்வி கேட்பான், நாம் மூக்குடைபட்டு நிற்போம். கல் வெறும் கல்தான் அக்கா. அண்ணன் அதற்குள் இல்லை.

தம்பி


ஏப்ரல் 27

தம்பிக்கு,

நலம். இந்தக் கடிதத்தில் தேதியும் முத்திரையும் ஒன்றாகவே இருக்கின்றன. முடியாது என்று சொல்வதானால் மட்டும் அன்றைக்கே தபாலில் சேர்த்துவிடுகிறாய்.

கல் வெறும் கல் என்பதைக் கண்டுபிடிக்க நீ எட்டாவது மாடி வரை ஏறியிருக்க வேண்டாம். அது வெறும் கல்தான். அண்ணனுடைய எலும்புகூட நமக்குக் கிடைக்கவில்லை, அதனால் அந்த வெறும் கல்லைத் துடைக்கிறேன். அவன் பெயர்மேல் துணியை வைக்கும்போது எழுத்தின் பள்ளம் விரலில் தட்டுப்படும். எனக்கு மிஞ்சிய அண்ணன் அவ்வளவுதான்.

பால்பண்ணைக்காரன் ஒரு புத்தகம் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்திருக்கிறான். "வீரத் தழும்பு" என்று தலைப்பு. அட்டையில் லெப்டினன்ட் நெற்றியைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், அங்கே என்னவோ சூரியன் உதித்ததுபோல. ஆற்றங்கரையில் எதிரியின் குண்டுச் சிதறல் நெற்றியில் பாய்ந்ததாம். அதையும் பொருட்படுத்தாமல் கடைசி வரை தன் ஆட்களைத் தேடினாராம். பன்னிரண்டு பக்கம். பதினொரு பேர் பெயர் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில். அண்ணன் பெயரை எடுத்து முன்னால் வைக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன், பிறகு எனக்கே கேவலமாக இருந்தது.

கேட்கிறேன் என்று வருத்தப்படாதே. உனக்கு அவர்கள் ஏதாவது செய்தார்களா? ஏதாவது வாங்கிக்கொண்டாயா?

உன் அக்கா


ஜூன் 10

தம்பிக்கு,

ஆறு வாரம் ஆகிறது. உன் மகளுக்குப் போன் செய்தேன், "அப்பா நல்லாத்தான் இருக்காங்க அத்தை, மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துக்கிறாங்க" என்றாள். சந்தோஷம், காற்று வாங்கு.

நேற்று பால்பண்ணைக்காரன் வீட்டுக்கே வந்தான். செருப்பைக் கழற்றாமல் முன்னறையில் நின்றுகொண்டு, "ஆன்ட்டி, நீங்க எதுக்கு வீணா அலையறீங்க? உங்க தம்பி ஆட்சேபிக்கவே மாட்டார்" என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்றேன். பல்லைக் காட்டினான். "அவர்கிட்டயே கேளுங்க. எங்க அப்பா எனக்கு எல்லாம் சொல்லிட்டுத்தான் போயிருக்கார்" என்றான். அவன் போனபின் தரையைத் துடைத்தேன்.

அதனால் கேட்கிறேன். இந்தத் தடவை லிஃப்ட், மாத்திரை, மருமகன் எதுவும் வேண்டாம். அவனுக்கு என்ன தெரியும்? எனக்கு என்ன தெரியாது?

உன் அக்கா


ஜூன் 29

அக்கா,

நீ நன்றாக இருக்க வேண்டும். இதற்கு மேல் நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

ஜீப்பை ஓட்டியது நான்.

முகாமில் வண்டி பழுது பார்க்கிறேன் என்றுதான் வீட்டுக்கு எழுதியிருந்தேன். கடைசி இரண்டு வாரம் லெப்டினன்டின் டிரைவர் நோயில் விழுந்ததால் என்னைப் போட்டார்கள். சொந்த ஊர் அதிகாரி, சொந்த ஊர்ப் பையன்கள், பக்கத்திலேயே அண்ணன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வயர்லெஸ்காரர் உன்னிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அவர் காகிதத்தைக் கொடுக்கும்போது நான் ஸ்டியரிங்கில் இருந்தேன். லெப்டினன்ட் படித்துவிட்டு, "நாலு மணிக்குப் பாலம் காலி. ஸ்கூலுக்கு விடு" என்றார். பையன்களுக்குச் சொல்லத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு சூளையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினேன். அங்கே அவர் பெட்டியைத் தூக்கி வைக்கச் சொன்னார். தூக்கி வைத்தேன். "சூளைல சொல்ல வேண்டாமா சார்?" என்றேன். "அவங்களை ஒண்ணு சேர்க்கவே அரை மணி ஆகும். நின்னா நாமளும் காலி. ஆள் அனுப்பறேன்" என்றார். அனுப்புவதற்கு அங்கே ஆளே இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திரும்பும்போது சூளை அருகில் வேகத்தைக் குறைத்தேன். நிறுத்தவில்லை, குறைத்தேன். சத்தம் கேட்டு அண்ணன் வெளியே வந்தான். முழங்கை வரை செங்கல் தூள். "எங்கடா?" என்றான். "பெட்ரோல் போட்டுட்டு வந்திடறேன்" என்றேன். "வரும்போது தீப்பெட்டி கொண்டா, இங்க எல்லாம் நனைஞ்சுபோச்சு" என்றான். சரி என்றேன். மூன்று இருபது இருக்கும். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். லெப்டினன்ட் பக்கத்தில் உட்கார்ந்து வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் பயந்தேன். அவருக்குப் பயந்தேனா, சாவுக்குப் பயந்தேனா என்று இத்தனை வருடமாக யோசித்தும் பிடிபடவில்லை.

பாலத்தைத் தாண்டி ஆறு மைலில், பின்னால் அது வெடிக்கும் சத்தம் கேட்டதும் நான் திரும்பிப் பார்த்தேன், வண்டி மைல்கல்லில் மோதியது. எனக்குக் காறை எலும்பு முறிந்தது. கண்ணாடி அவர் நெற்றியைக் கிழித்தது. எதிரியின் குண்டும் இல்லை, சிதறலும் இல்லை, அந்த வீரத் தழும்பு நான் போட்டது. இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில் கிடந்தோம். காய்ச்சலில் கிடக்கிறேன் என்று உனக்கு எழுதினேன்.

ஏதாவது வாங்கிக்கொண்டாயா என்று கேட்டாய். லிஃப்ட் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது அவர் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தால். வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் அது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பிண்டம் என்று எழுதியிருந்தாய். சரியாகத்தான் எழுதியிருக்கிறாய்.

தம்பி


ஜூலை 8

இதையே சுத்தமான தாளில் சபைக் குழுவின் பெயருக்கு ஆட்சேபணையாக எழுது. முழுப் பெயரும் குடும்பப் பெயரும் போட்டுக் கையெழுத்திடு. எதையும் விடாதே. தீப்பெட்டியை விடாதே. நீ பயந்ததை விடாதே. எனக்கு எழுதிய வரிகளை மட்டும் எடுத்துவிடு, அவை எனக்கு.

பதிவுத் தபாலில் அனுப்பு.


ஜூலை 15

அக்கா,

நீ சொன்னபடி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று பக்கம். முதல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன், அவற்றில் நான் கொஞ்சம் நல்லவனாக இருந்தேன்.

ஒரு வேண்டுகோள். இதைச் சபையில் போதகர் வாசிக்கட்டும். நீ வாசிக்க வேண்டாம். வேண்டுமானால் நீ வெளியே இருந்துகொள்.

உன் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்கலாமா?

தம்பி


ஆகஸ்ட் 3

தம்பிக்கு,

முட்டி அப்படியேதான் இருக்கிறது. உன் உடம்பைப் பற்றி இன்று நான் கேட்கப்போவதில்லை.

நேற்று ஆராதனை முடிந்ததும் எட்டுக் குடும்பத்தையும் உட்கார வைத்தார்கள். போதகர் உன் தாளைப் பிரித்தார், பாதிப் பக்கம் மனதுக்குள் படித்தார், அவர் முகத்தில் ஈயாடவில்லை. பால்பண்ணைக்காரனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எனக்குத் தொண்டை சரியில்லம்மா, நீங்களே வாசிச்சிடுங்க" என்றார். இருபது வருடமாக ஒன்றேகால் மணி நேரம் பிரசங்கம் செய்து எங்களைத் தூங்க வைத்த தொண்டை அது. வாங்கி வாசித்தேன்.

"ஜீப்பை ஓட்டியது நான்" என்று என் வாயால் சொன்னேன். "நிறுத்தவில்லை, வேகத்தைக் குறைத்தேன்" என்று என் வாயால் சொன்னேன். எல்லாருக்கும் தெரியும் அது உன் எழுத்து என்று. தெரிந்தும், ஒவ்வொரு நானுக்கும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். வேறு யாருடைய முகத்தைப் பார்ப்பார்கள், நீ இங்கே இல்லையே.

பால்பண்ணைக்காரன் எழுந்து, "ஒரு டிரைவர் பேச்சை நம்பறதா?" என்றான். தச்சர் வீட்டுப் பெரியவர் அவனிடம், "மைல்கல்லுல பட்ட காயத்துக்கா தம்பி புத்தகம் போட்டே?" என்று கேட்டார். அவர் மகனுக்கு இனி அந்தக் கணக்குப்பிள்ளை வேலை இருக்காது. அப்படியும் கேட்டார். இந்த ஊரில் ஒரு ஆளையாவது நான் தப்பாக எடை போட்டிருக்கிறேன். பால்பண்ணைக்காரன் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வெளியே போனான். ஆட்சேபணை ஏற்கப்பட்டது. கல்லை யாரும் தொட மாட்டார்கள். நாம் ஜெயித்தோம்.

பிறகு கொல்லர் வீட்டு மகள் என்னிடம் வந்தாள். அப்பன் போனபோது அவளுக்கு மூன்று வயது. அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டாள். "ஒரு ஹாரன் அடிச்சிருக்கக் கூடாதா, அத்தை?"

அது என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. இன்று காலை கடைத்தெருவில் இரண்டு வீட்டார் என்னோடு பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் பேசினால்தான் எனக்குப் பொழுது போகும் என்றில்லை, ஆனால் அவர்கள் பேசாமல் போக வேண்டியது உன்னிடம்.

செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு கல்லில் உள்ள பெயர்களை வாசிக்கும் நாள். நீ ஊரை விட்டுப் போவதற்கு முன் வந்திருக்கிறாய், மறந்திருக்க மாட்டாய். பெயரைச் சொன்னதும் அந்தக் குடும்பத்தில் ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். எழுந்த பிறகுதான் அடுத்த பெயர். நாற்பத்தேழு வருடமாக அண்ணன் பெயருக்கு நான் எழுந்து நிற்கிறேன். இந்த வருடம் நீ வந்து நில். கொல்லர் வீட்டு மகள் மூன்றாவது பெஞ்சில் உட்காருவாள். அவள் கேட்டதற்கு அங்கே பதில் சொல். இல்லை, பதில் இல்லை என்றாவது அவள் முகத்தைப் பார்த்துச் சொல்.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று நினைக்காதே. அதைப் பற்றி நான் இன்னும் யோசிக்க ஆரம்பிக்கவே இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தினமும் படிக்கிறேன். கல்லில் அந்தப் பெயர் ஏறாது என்பது எனக்கும் ஆறுதல்.

வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். டாக்டரிடம் கேட்டதற்கு, இரண்டு நாள் ரயில் பயணம் இப்போது கூடவே கூடாது என்கிறார். அவர் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்திருக்கிறேன், நீயே பார். இந்தத் தடவையும் வழக்கம்போல நீயே எழுந்து நின்றுவிடு. அடுத்த வருடம் உடம்பு இடம் கொடுத்தால் பார்க்கலாம். எழுதியதே எனக்குப் பெரிய காரியம் அக்கா. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

தம்பி


செப்டம்பர் 14

தம்பிக்கு,

டாக்டர் சீட்டு கிடைத்தது. உனக்கு நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு. எனக்கு நூற்று அறுபது, நான் தினமும் தேவாலயம் வரை நடக்கிறேன். எழுதியதே பெரிய காரியம் என்கிறாய். வாசித்தவள் நான்.

நேற்று பெயர் வாசித்தார்கள். தச்சர் வீடு எழுந்தது, தையல்காரர் வீடு எழுந்தது. நாலு பெயர் முடிந்து ஐந்தாவது அண்ணன். போதகர் வாசித்தார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டாம் முறை உரக்க வாசித்தார். பின் பெஞ்சிலிருந்து தையல்காரர் மகள் குனிந்து, "முட்டி வலியா? கை கொடுக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். மூன்றாம் முறை வாசித்தார். அண்ணன் பெயர் அந்தச் சுவர்களுக்குள் அப்படி நின்று நான் கேட்டதில்லை. எழுந்துவிடலாம் என்று உடம்பு துடித்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க வீட்டுல எழுந்திருக்க வேண்டியவன் இன்னும் வந்து சேரலை" என்றேன்.

பால்பண்ணைக்காரன் பின்னாலிருந்து, "அடுத்த பேருக்குப் போங்க" என்றான். போதகர் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார். அப்போது கொல்லர் வீட்டு மகள் எழுந்தாள். "போகக் கூடாது. யாராவது எழுந்த பிறகுதான் அடுத்தது" என்றாள். அண்ணனுக்கு அடுத்தது அவளுடைய அப்பா, அதற்கடுத்தது அவளுடைய சித்தப்பா. அவர்கள் பெயரைக் கேட்காமலே வீட்டுக்குப் போக அவள் சம்மதித்தாள்.

போதகர் புத்தகத்தை மூடிவிட்டார். துணிந்து மூடவில்லை, பயந்து மூடினார், எனக்கு எதுவானாலும் சரி.

வருகிற ஞாயிறு நம் பெயரிலிருந்து ஆரம்பிப்பார்கள். அன்றைக்கும் நீ இல்லையென்றால் அதற்கடுத்த ஞாயிறும் அதே பெயர்தான். அண்ணனுக்குப் பின்னால் ஆறு பேர் காத்திருக்கிறார்கள். ஆராதனை பத்தரை மணிக்கு.

அக்கா